அம்மாவோடு ஏழு இரவு: ரூம் போட்ட கதை

கிளம்புவதற்கு முந்தின இரவு

நாளை காலை அம்மாவும் நானும் கிளம்புகிறோம். ஐந்து ஊர், ஏழு இரவு. வேலை காரணமாக வருடத்தில் நாற்பது ஐம்பது இரவாவது நான் வெளியூரில் தங்குகிறவள். அதனால் தெரிந்தவர்கள் பலரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ரூம் வாடகையைக் குறைப்பது எப்படி? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, இந்த வாரம் நான் என்ன செய்தேன், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அன்றன்றைக்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஊர்ப் பெயரும் ஹோட்டல் பெயரும் சொல்லப் போவதில்லை. எந்த ஊருக்குப் போனாலும் விஷயம் ஒன்றுதான்.

போன மாதமே ஒரு வேலை செய்து வைத்தேன். ஒவ்வொரு ஊரிலும் எங்களுக்குச் சரிப்படுகிற ஒரு ஹோட்டலைத் தேர்ந்து, புக்கிங் தளத்தில் கடைசிப் பக்கம் வரை போய், வரியெல்லாம் சேர்த்துப் பணம் கட்டும் இடத்தில் காட்டுகிற தொகையை நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தத் தொகையை ஒவ்வொரு ஊரிலும் ஓர் இரவுக்கு நூறு என்று வைத்துக்கொண்டுதான் இங்கே கணக்குச் சொல்லப் போகிறேன். இப்படி ஓர் எண் கையில் இல்லாவிட்டால், 'நாற்பது சதவீதம் தள்ளுபடி' என்று திரையில் மின்னும்போது அது எதிலிருந்து நாற்பது என்று நமக்குத் தெரியாது. கோடு போட்டு அடித்துக் காட்டுகிற பழைய விலை வார இறுதி நாளின் விலையாக இருக்கும்; நாம் போடுவது வார நாளுக்கான ரூமாக இருக்கும். பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் இப்படிப்பட்ட ஒப்பீடுகளைச் சுட்டிக்காட்டித்தான் 2019-ல் ஆறு பெரிய புக்கிங் தளங்களிடம் 'இனி இப்படிச் செய்ய மாட்டோம்' என்று உறுதிமொழி வாங்கியது.

அம்மாவுக்கு முட்டி வலி. லிஃப்ட் இல்லையென்றால் தரைத்தளம் வேண்டும். குளியலறையில் வழுக்கக் கூடாது, ராத்திரி சத்தம் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இல்லாத ரூம் பாதி விலைக்குக் கிடைத்தாலும் எனக்கு அது நஷ்டம்தான்.

முதல் நாள், ஞாயிறு

பெரிய நகரம். கம்பெனி வேலையாக வருகிறவர்களை நம்பி நடக்கிற ஹோட்டல்கள் நிறைந்த பகுதியில் தங்கியிருக்கிறோம். திங்கள் முதல் வியாழன் வரை இங்கே இடம் கிடைப்பது கஷ்டம். வெள்ளி மாலை எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள், அடுத்த கூட்டம் திங்கள் காலையில்தான் வந்து இறங்கும். நடுவில் ஞாயிறு இரவு ஹோட்டல் வெறிச்சென்று கிடக்கும். பயணத்தை ஞாயிற்றுக்கிழமை தொடங்கியதே இதற்காகத்தான். இதே ரூமுக்கு நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை வாடகை என்ன என்று பார்த்தேன். இன்று நூறு என்றால் அன்றைக்கு நூற்று அறுபது. சுற்றுலா ஊரில் இது அப்படியே தலைகீழ். அங்கே வெள்ளியும் சனியும் ஏறும், வார நாட்கள் இறங்கும். ஒவ்வொரு ஊருக்கும் கூட்டம் எப்போது வருகிறது, எதற்காக வருகிறது என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

துணிக்கடையில் இன்று விற்காத புடவையை நாளைக்கு விற்கலாம். ஹோட்டல் ரூமை அப்படிச் செய்ய முடியாது. இன்று இரவு பூட்டிக் கிடந்த ரூமின் இன்றைய வாடகை போனது போனதுதான். விலை ஏறுவதும் இறங்குவதும் இந்த ஒரு காரணத்தில் இருந்துதான் வருகிறது.

இது பல ஊர்களில் ஒரே பெயரில் நடக்கிற சங்கிலி ஹோட்டல். அவர்களுடைய சொந்தத் தளத்தில் உறுப்பினராகச் சேர்வதற்குக் காசு கிடையாது. சேர்ந்த உடனே நூறு தொண்ணூற்றிரண்டு ஆனது, செக்-அவுட் நேரத்தையும் இரண்டு மணிநேரம் தள்ளிக் கொடுத்தார்கள். ஹாலிடே இன், மாரியட் என்ற இரண்டு பெரிய ஹோட்டல் நிறுவனங்களும் 1983-லேயே தொடங்கிய பழக்கம் இது. வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் வெளியூர் போகிறவர்கள், தங்கும்போதெல்லாம் உறுப்பினருக்குக் கிடைக்கிற புள்ளிகளைச் சேர்த்துப் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது. ஆனால் அந்த உறுப்பினர் விலைக்காகச் சேரலாம், தப்பில்லை.

இரண்டாம் நாள், திங்கள்

மலை ஊர். மதியம் வந்து சேர்ந்தோம். வழி நெடுக மூடுபனி. பன்னிரண்டே ரூம் உள்ள சின்ன ஹோட்டல், முதலாளியே ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறார். இந்த ரூமை நான் போட்ட விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புக்கிங் தளத்தில் இந்த ஹோட்டலைப் பார்த்தேன், படங்கள் பிடித்திருந்தன, வந்து தங்கிப் போனவர்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். அதுவரைக்கும் அந்தத் தளம் எனக்கு உதவியாகத்தான் இருந்தது. அப்புறம் ஹோட்டலின் சொந்த நம்பரைத் தேடி எடுத்துப் போன வாரம் மதியம் மூன்று மணிக்குக் கூப்பிட்டேன். காலையில் கூப்பிட்டால் ரூமைக் காலி செய்கிறவர்களின் கூட்டம் இருக்கும், மாலையில் வந்து சேர்கிறவர்களின் கூட்டம். இரண்டுக்கும் நடுவில்தான் அவர்களுக்குப் பேச நேரம் கிடைக்கும்.

"சார், அடுத்த திங்கள், செவ்வாய் ரெண்டு ராத்திரிக்கு ரூம் இருக்குமா?"

"இருக்கு மேடம். எத்தனை பேர்?"

"நானும் அம்மாவும்தான். அம்மாவால மாடி ஏற முடியாது, கீழ் ரூமா இருந்தா நல்லது."

"கீழ நாலு ரூம் இருக்கு. அன்னைக்கு நாலுமே காலிதான்."

அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். நாலும் காலி என்று அவரே சொல்லிவிட்டார்.

"ஆன்லைன்ல உங்க ரேட் பார்த்தேன் சார். நேரா உங்ககிட்டயே போட்டா என்ன ஆகும்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. நோட்டைப் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ரெண்டு ராத்திரி இருக்கீங்க. பத்து பர்சென்ட் குறைச்சுக்கறேன்."

"ரொம்ப நன்றி சார். காலை டிபனையும் அதுலயே சேர்த்துக் கொடுத்துட முடியுமா?"

"சேர்த்துடலாம், வாங்க."

இதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது என்று நினைக்கிறேன். தளம் வழியாகப் போட்டால் பொதுவாக வாடகையில் 15 சதவீதத்தை ஒட்டிய தொகை கமிஷனாகப் போய்விடும். ஹோட்டலையும் ஊரையும் பொறுத்து அது கூடவும் செய்யும். அந்தக் கமிஷனில் பெரும்பகுதியை அவர் எனக்கு விட்டுக்கொடுத்தார், மிச்சம் அவரிடம் இருந்தது. இரண்டு பேருக்கும் லாபம். அதற்கும் கீழே இழுத்தால் அவர் சொந்தக் கையிலிருந்துதான் போட வேண்டும். பன்னிரண்டு ரூமை வைத்துக்கொண்டு மழைக்காலத்தையும் ஓட்டவேண்டிய மனிதரிடம் அப்படிப் பேரம் பேச எனக்கு மனம் வராது.

'குறைத்துத் தருவதானால் அதை வெளியிலேயே போட்டுவிட வேண்டியதுதானே' என்று அம்மா கேட்டாள். நல்ல கேள்வி. பெரிய தளங்கள் ஹோட்டல்களோடு போடுகிற ஒப்பந்தத்தில் பல காலமாக ஒரு நிபந்தனை இருந்து வந்தது: எங்களிடம் காட்டுகிற விலையைவிடக் குறைவாக உங்கள் சொந்தத் தளத்தில் காட்டக் கூடாது. பிரான்ஸ் இதை 2015-ல் சட்டம் போட்டே தடுத்தது. 2024-ல் ஐரோப்பிய ஆணையம் புக்கிங் டாட் காமை 'வாயிற்காப்பாளர்', அதாவது வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும் வழியையே தன் கையில் வைத்திருக்கிற பெரிய நிறுவனம் என்று அறிவித்தது. அந்தப் பட்டியலில் இருக்கிற நிறுவனத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இந்த நிபந்தனை செல்லாது. மற்ற இடங்களில் எழுத்தில் காட்ட முடியாத விலையையும் போனில் வாயால் சொல்ல முடியும். நாம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பேசி முடித்த உடனே தேதி, வாடகை, கீழ் ரூம் என்பது, டிபன் சேர்த்தது, எப்போது வரை ரத்து செய்யலாம் என்று ஐந்து விஷயத்தையும் அவருக்கு எழுதி அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கிக்கொண்டேன். நேராகப் போட்டால் இதைச் செய்தே ஆக வேண்டும். தளம் வழியாகப் போட்டிருந்தால், ஏதாவது தகராறு வந்தால் நடுவில் பேச ஓர் ஆளாவது இருப்பார். இங்கே நம் கையில் இருப்பது இந்த ஒரு செய்திதான். முன்பின் தெரியாத ஊரில், யாருமே எதுவும் எழுதியிராத ஹோட்டலில் நான் நேராகப் பணம் கட்ட மாட்டேன். அங்கே கமிஷன் போனாலும் போகட்டும்.

மூன்றாம் நாள், செவ்வாய்

மழை. எங்கும் போகவில்லை.

காலையில் முதலாளி வந்து, "அம்மா, மூணாம் நம்பர் ரூம் காலியாத்தான் இருக்கு, ஜன்னலைத் திறந்தா பள்ளத்தாக்கு தெரியும், மாறிக்கிறீங்களா?" என்று கேட்டார். வாடகை அதேதான். அம்மா ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள், மதியம் வரை எழுந்திருக்கவே இல்லை. பனி விலகும்போது கீழே சாலையில் ஒரு பஸ் வளைந்து போவது தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். உடனே மறுபடியும் மூடிவிடும். பஸ் அடுத்த வளைவில் வருகிறதா என்று அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு வேலை முடித்தேன். வியாழன், வெள்ளி இரவுகளுக்குக் கோட்டை ஊரில் போட்டிருந்த ரூமின் வாடகையை மறுபடியும் பார்த்தேன். அது இலவசமாக ரத்து செய்யக்கூடிய புக்கிங், கடைசி நாள் இன்றைக்குத்தான். நூறாக இருந்தது எண்பத்து நாலுக்கு இறங்கியிருந்தது. முதலில் புதிதாக ஒன்று போட்டேன். அது உறுதியாகி மெயில் வந்த பிறகுதான் பழையதை ரத்து செய்தேன். இந்த வரிசையை மாற்றவே கூடாது. ரத்து செய்துவிட்டுத் தேடப் போனால் நடுவில் விலை ஏறிவிடலாம், ரூமே போய்விடலாம். ரத்து செய்யும் வசதியோடு ரூம் போட்டவர்கள் பலர் அதோடு அதை மறந்துவிடுகிறார்கள். கெடு முடிவதற்கு முதல் நாள் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும்.

இன்னொன்றும் கவனித்தேன். அம்மாவின் போனில் செயலி வழியாகப் பார்த்தால் அதே ரூம் இன்னும் ஒன்றிரண்டு குறைவாகக் காட்டியது. போனில் போடுகிறவர்களுக்கென்று ஹோட்டலே தனியாகக் கொடுக்கிற சலுகை அது. எந்தக் கருவியிலிருந்து பார்க்கிறோம் என்பதும் கணக்கில் வரும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. 2012-ல் ஆர்பிட்ஸ் என்ற அமெரிக்கத் தளம், மேக் கணினி வைத்திருப்பவர்கள் ஓர் இரவுக்கு 30 சதவீதம் வரை கூடுதலாகச் செலவழிக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அவர்களுக்கு விலை கூடிய ஹோட்டல்களை முன்னால் காட்டியது. ஒரே ரூமை இரண்டு விலைக்கு விற்கவில்லை, வரிசையை மட்டும் மாற்றியது. அதனால்தான் முதலில் வருகிற ஹோட்டல்தான் நமக்கு ஏற்றது என்று நான் எடுத்துக்கொள்வதே இல்லை.

நான்காம் நாள், புதன்

கடற்கரை ஊர். இன்று நடந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த ஒரு ரூமை மட்டும் நேற்று இரவு அவசரமாகப் போட்டேன். நோட்டில் எழுதி வைத்திருந்த ஹோட்டல் நூறு. பக்கத்திலேயே இன்னொன்று எண்பத்தெட்டு என்று காட்டியது. 'ஒரே ஒரு ரூம்தான் மீதம்', 'இப்போது பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று சிவப்பு எழுத்து. நானும் நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படிக்காமல் பொத்தானை அழுத்திவிட்டேன்.

இன்று செக்-இன் செய்யும்போது ரிசப்ஷனில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டினாள். ரூம் வாடகை எண்பத்தெட்டு. அதன் கீழே 'வசதிக் கட்டணம்' பத்து. 'நீச்சல் குளம், கடற்கரை நாற்காலி' ஆறு. 'சேவை' ஐந்து. கூட்டினால் நூற்று ஒன்பது. நீச்சல் குளம் பராமரிப்புக்காக மூடியிருக்கிறது என்ற அறிவிப்பு அவள் தலைக்குப் பின்னால் ஒட்டியிருந்தது.

அம்மா களைத்துப்போய் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். நான் குரலை உயர்த்தவில்லை. அந்தப் பெண் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள், இந்தக் கட்டணத்தை அவள் வைக்கவில்லை. தாளைத் திருப்பி அவள் பக்கம் வைத்து, நீச்சல் குளம் என்ற வரியின் மேல் விரலை வைத்து, "குளம் மூடியிருக்கே, இதை எடுத்துட முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். உள்ளே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்து, அந்த வரியைப் பேனாவால் அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். நூற்று மூன்று. மற்ற இரண்டும் நிபந்தனைகளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தன. அறைக்கு வந்து போனில் தேடிப் பார்த்தேன். பேசாமல் நூறு கொடுத்து, நோட்டில் இருந்த ஹோட்டலையே போட்டிருக்கலாம்.

முதலில் ஒரு தொகையைக் காட்டி இழுத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது என்பது உலகம் முழுக்க இருக்கிற வியாதி. அமெரிக்காவில் 2025 மே 12 முதல் தங்கும் விடுதிகள் கட்டாயக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்த மொத்தத் தொகையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. எல்லா நாட்டிலும் வர வேண்டும். வயதானவர்களைப் பெட்டி படுக்கையோடு ரிசப்ஷனில் நிற்க வைத்துவிட்டுக் கூடுதல் பணம் கேட்பது நியாயமே இல்லை. அந்த நேரத்தில் யாராலும் 'வேண்டாம், வேறு இடம் பார்க்கிறேன்' என்று சொல்லிக் கிளம்ப முடியாது.

'ஒரே ஒரு ரூம்' என்பதற்கும் அர்த்தம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தளத்துக்கென்று ஹோட்டல் ஒதுக்கியதில், அந்த வகையில், அந்த விலையில் ஒன்று மீதம் இருக்கிறது என்பதுதான் அது. ஹோட்டலில் இருபது ரூம் காலியாக இருக்கலாம். இன்று மாலை தாழ்வாரத்தில் நடந்தபோது எங்கள் மாடியில் விளக்கு எரிந்த ஜன்னல் மூன்றுதான்.

பல தளங்களின் விலையை ஒரே இடத்தில் ஒப்பிட்டுக் காட்டுகிறவர்களையும் அப்படியே நம்பிவிட முடியாது. ட்ரிவாகோ நிறுவனம், தனக்குக் கூடுதல் பணம் கொடுத்த தளங்களின் விலையை முன்னால் காட்டி, அதுதான் சிறந்த விலை என்று நம்ப வைத்தது என்று 2020-ல் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2022-ல் போட்ட அபராதம் 4.47 கோடி ஆஸ்திரேலிய டாலர். ஒப்பிட்டுப் பார்க்க இவற்றை நானும் பயன்படுத்துகிறேன். பார்த்த பிறகு ஹோட்டலின் சொந்தத் தளத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

ஐந்தாம் நாள், வியாழன்

கோட்டை ஊர். எண்பத்து நாலுக்குப் போட்ட ரூம். லிஃப்டுக்குப் பக்கத்து ரூமைக் கொடுத்தார்கள். கதவு திறந்து மூடுகிற சத்தத்தில் அம்மாவுக்குத் தூக்கம் வராதென்று தாழ்வாரத்தின் கடைசி ரூமைக் கேட்டேன், உடனே மாற்றிக் கொடுத்தார்கள். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கேட்டால் மாற்றுவது சுலபம்.

இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் கீழே இறங்கிப் போனேன். ரிசப்ஷனில் இரவுப் பணியில் இருந்த பெரியவர் அன்றைய கணக்கை முடித்துக்கொண்டிருந்தார். நைட் ஆடிட் என்பார்கள். அன்றைய வரவு செலவை மூடிவிட்டு அடுத்த தேதியைத் திறக்கிற வேலை. பேச்சுத் துணை கிடைத்த சந்தோஷம் அவருக்கு. திரையை என் பக்கம் கொஞ்சம் திருப்பிக் காட்டினார். வரப்போகிற தொண்ணூறு நாளும் கட்டம் கட்டமாக. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை ரூம் போயிருக்கிறது, அதே நாளுக்கு நேற்று எத்தனை, போன வருடம் எத்தனை.

"இந்த வித்தியாசத்தைத்தான் பிக்கப்புன்னு சொல்வோம். நேத்தைக்கும் இன்னைக்கும் நடுவுல ரெண்டு ரூம்தான் ஏறியிருக்குன்னா ரேட்டை இறக்குவோம். பத்து ஏறிச்சுன்னா ஏத்துவோம். நீங்க போட்ட வாரம் சரியா மந்தமா இருந்துச்சு, அதான் குறைஞ்சுது."

ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார். நூறு ரூம் இருக்கிற ஹோட்டலில் அறுபது ரூம் நூறு வீதம் போனால் 6,000. வாடகையை எண்பதாக இறக்கி எண்பது ரூம் போனால் 6,400. கூடுதலாகப் போன இருபது ரூமுக்குத் துவைக்கிற செலவு, மின்சாரச் செலவு போக மிச்சம் இருந்தால் இறக்குவது நல்லது, இல்லாவிட்டால் வேண்டாம். மொத்த வருமானத்தை மொத்த ரூம் எண்ணிக்கையால் வகுத்து வருகிற அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் மேனேஜருக்குப் பேரும் கெட்ட பேரும் என்றார்.

காலியிடத்தைப் பார்த்து விலையை ஏற்றி இறக்குகிற இந்த வழிமுறை ஹோட்டலில் பிறந்ததில்லை, விமானத்தில் பிறந்தது. 1978-ல் அமெரிக்க அரசு விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் போன்ற மலிவு விலை நிறுவனங்கள் கிளம்பின. அவர்களைச் சமாளிக்க அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவராக இருந்த ராபர்ட் கிராண்டல், எப்படியும் காலியாகப் பறக்கப்போகிற இருக்கைகளை மட்டும் முன்கூட்டியே மலிவாக விற்கும் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். யீல்டு மேனேஜ்மென்ட், அதாவது இருக்கிற இடத்திலிருந்து முடிந்த அளவு வருமானம் எடுப்பது, என்று பெயர் வைத்ததும் அவர்தான். 1980-களில் மாரியட் அதை ஹோட்டலுக்குக் கொண்டுவந்தது. காலி இருக்கையும் காலி ரூமும் ஒரே ஜாதி. நேரம் தாண்டினால் இரண்டுக்குமே மதிப்பில்லை.

"அப்போ நாங்க எப்படிக் கேட்கணும்?" என்றேன்.

"எவ்வளவு குறைப்பீங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. அதுக்கு இல்லைன்னு சொல்றது எனக்குச் சுலபம். எந்த ராத்திரி உங்களுக்குக் காலியா இருக்கும்னு யாரும் கேக்கறதில்ல. கேட்டா நானே திரையைப் பார்த்துச் சொல்லிடுவேன்."

இத்தனை வருடம் வெளியூரில் தங்கியும் இதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மலை ஊர் முதலாளியிடம் எனக்குப் பலித்ததும் இதனால்தான் என்று அப்போதுதான் புரிந்தது. என் தேதியில் அவருக்கு நாலு ரூம் காலி. தேதி நம் கையில் இருந்தால், இரண்டு நாள் முன்பின் நகர முடிந்தால், அதுதான் நம்மிடம் இருக்கிற பெரிய பிடி. கல்யாணத்துக்கோ பரீட்சைக்கோ போகிறவருக்கு அந்தப் பிடி கிடையாது. அவர் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். வராமல் போகிறவர்கள் இருப்பார்கள் என்று கணக்குப் பண்ணி, பல ஹோட்டல்கள் இருக்கிற ரூமைவிட ஒன்றிரண்டு கூடுதலாகவே புக்கிங் எடுக்கும். எல்லோரும் வந்துவிட்டால் கடைசியாக வருகிறவரை வேறு ஹோட்டலுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் இரவு நேரம் கழித்து வருகிறவர்கள் அன்று மதியமே கூப்பிட்டு 'வந்துகொண்டிருக்கிறோம்' என்று சொல்லிவிடுவது நல்லது.

ஆறாம் நாள், வெள்ளி

கோட்டையைப் பாதி வரை ஏறிப் பார்த்தோம். அம்மாவுக்கு அதுவே பெரிய விஷயம்.

திரும்பி வந்தபோது ரிசப்ஷனில் ஒரு இளம் தம்பதி நின்றிருந்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல், நாளை இரவு தங்காமல் ஊருக்குத் திரும்ப வேண்டும். ரத்து செய்தால் பணம் வராத வகையில் ரூம் போட்டிருக்கிறார்கள். அந்த வகை பத்து பதினைந்து சதவீதம் குறைவாக வரும், அதைப் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள். மேனேஜர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஆனால் ஆறு மாதத்துக்குள் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார். பணம் திரும்பக் கிடைக்காது என்று இருந்தாலும் தேதியை மாற்றிக் கேட்கலாம். ஹோட்டலுக்கும் அது பெரிய நஷ்டம் இல்லை.

குழந்தையோடோ வயதானவர்களோடோ போகும்போது அந்தப் பத்து சதவீதத்துக்கு நான் ஆசைப்படுவதில்லை. தனியாகப் போகும்போது, டிக்கெட்டும் உறுதியாக இருந்தால், போடுவேன்.

ஏழாம் நாள், சனி

கடைசி ஊர். ரூம் போடாமலே வந்தோம். நேரில் போய்ப் பேசினால் மாலையில் குறையும் என்பது என் அனுபவம். வார நாளில், சீசன் இல்லாத ஊரில் அது பலமுறை பலித்திருக்கிறது. இன்று பலிக்கவில்லை.

மாலை ஆறரைக்கு ரயிலிலிருந்து இறங்கினோம். ஊரில் ஒரு பெரிய மாநாடு. ஸ்டேஷன் வாசலிலேயே அடையாள அட்டை தொங்கவிட்ட கூட்டம். முதல் ஹோட்டலில் இடம் இல்லை. இரண்டாவதில் நூற்று அறுபத்தைந்து கேட்டார்கள், அதுவும் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. தேதி மாற்ற முடியாது, நாளை காலை ரயில். கையில் பிடியே இல்லாமல் பேரம் பேச வந்து நின்றிருக்கிறேன்.

மூன்றாவது ஹோட்டலில் வாடகையைப் பற்றி நான் பேசவே இல்லை. "ஆறு மணி வரைக்கும்னு ஹோல்டு பண்ணி வெச்சு, வராமப் போன ரூம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். முன்பணம் கட்டாமல் வைத்திருக்கிற புக்கிங்கை மாலை ஆறு மணிக்கு விடுவிப்பது ஹோட்டல்களில் பழைய வழக்கம். பையன் பட்டியலைப் பார்த்தான். "ஒண்ணு இருக்கு மேடம், கீழ் ஃப்ளோர்தான்." நூற்றுப் பதினெட்டு. அம்மா, "தம்பி, குடிக்கக் கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?" என்று கேட்டாள். சாவியோடு வெந்நீரும் வந்தது. முழு வாடகையையும் சந்தோஷமாகக் கட்டினேன்.

ரூம் போடாமல் போவதற்கு முன்னால் அந்தத் தேதியில் ஊரில் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்திருக்க வேண்டும். சனிக்கிழமை என்பதே எச்சரிக்கைதான். தனியாக இருக்கும்போது இப்படிப் போய்ப் பார்க்கலாம். அம்மாவோடு இனி செய்ய மாட்டேன்.

திரும்பும் ரயிலில், ஞாயிறு

நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு இரவையும் நூறாக வைத்தால் எழுநூறு. நாங்கள் கொடுத்தது அறுநூற்று அறுபத்தொன்று. நகரத்தில் எட்டு, மலையில் இருபது, கோட்டை ஊரில் முப்பத்திரண்டு மிச்சம். கடற்கரையிலும் கடைசி ஊரிலும் சேர்த்து இருபத்தொன்று கைவிட்டுப் போனது. காலை டிபனும் பள்ளத்தாக்கு தெரிந்த ஜன்னலும் இந்தக் கணக்கில் இல்லை.

"எந்த ரூம் நல்லா இருந்துச்சும்மா?" என்று கேட்டேன்.

"அந்த மூணாம் நம்பர்தான்" என்றாள் அம்மா, யோசிக்காமலே.

மணி மதியம் மூன்று ஆகியிருந்தது. மலை ஊர் முதலாளிக்குப் போன் போட்டேன். "சார், மழை முடிஞ்ச அப்புறம் எந்த ராத்திரி உங்களுக்குக் காலியா இருக்கும்?" என்று கேட்டேன். நோட்டைப் புரட்டுகிற அதே சத்தம். "அடுத்த மாசம் கடைசி வாரம், ஞாயித்துக்கிழமைலேர்ந்து வியாழன் வரைக்கும் ஆளே இருக்க மாட்டாங்க மேடம்" என்றார். மூணாம் நம்பர்தானா என்று உறுதியாகக் கேட்கும்படி அம்மா பக்கத்திலிருந்து என் கையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.